காதைத் தொடாத கை

ஒண்ணாம் வகுப்பில் சேர்க்க வந்த பிள்ளையை நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார் வாத்தியார். தொட்டுவிட்டால் அஞ்சு வயசு. விரல் எட்டாவிட்டால் 'அடுத்த வருஷம் கூட்டிக்கிட்டு வா'. பிறப்புச் சான்றிதழைக் கண்ணாலும் பார்த்திராத ஊர்களில் நெடுங்காலம் வயசை நிர்ணயித்தது இதுதான். இதை ஒரு வேடிக்கையாக நினைவுகூர்பவர்கள் உண்டு. இந்தப் பரீட்சை எதை அளந்தது என்ற கேள்வி மட்டும் அதிகம் எழுந்ததில்லை.

குழந்தையின் தலை முதல் சில வருஷங்களிலேயே பெரும்பாலும் வளர்ந்து முடிந்துவிடுகிறது. கை பின்னால்தான் மெதுவாக நீள்கிறது. ஆகவே காதைத் தொடுவது என்பது கை எலும்பு எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதாவது தின்ற சோற்றைப் பொறுத்தது. ஒரே வருஷம் பிறந்த இரண்டு பிள்ளைகளில் பால் குடித்து வளர்ந்தது உள்ளே போகும், கூழ் குடித்தது வெளியே நிற்கும். பசி இங்கே வயசாக மொழிபெயர்க்கப்பட்டது. பள்ளியில் தாமதமாகச் சேர்வதற்கும் ஊட்டக்குறைவுக்கும் உள்ள இந்த உறவை, ஆப்பிரிக்காவின் கானா நாட்டுத் தகவல்களை வைத்து க்ளீவ், ஜேக்கபி என்ற இரு பொருளியலாளர்கள் 1995-இல் எழுதிக் காட்டினார்கள். நம்மூர் வாத்தியாரின் கைக்கணக்கை அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை.

பாடாலூர்ப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். திருச்சியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் மானாவாரிக் காடு, பருத்தி, சின்ன வெங்காயம், கல்குவாரி. இப்படிப்பட்ட பூமியில் கை எட்டிய பிறகும் பிள்ளை பள்ளிக்கூடம் வந்துவிடுவதில்லை. கைப்பிள்ளையை யார் தூக்குவது? ஆட்டை யார் ஓட்டுவது? கரும்பு வெட்டப் போகும் குடும்பம் பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது? இதெல்லாம் தீர்ந்து ஏழு எட்டு வயசில் வந்து நிற்கும் பிள்ளைக்கு, வாத்தியார் மே மாசத்திலோ ஜூன் மாசத்திலோ ஒரு தேதியைப் பிறந்த நாளாக எழுதி அஞ்சு வயசாக்கிச் சேர்த்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கருணையால் செய்ததுதான். (அந்தத் தேதியே பின்னால் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறி, சர்க்கார் உத்தியோகம் கிடைத்தால் ஓய்வு பெறும் நாளையும் தீர்மானித்தது என்பது தனிக்கதை.) பதிவேட்டில் எல்லோருக்கும் ஒரே வயசு. தரையில் வரிசையாக உட்கார்ந்தபோது உடம்பு காட்டிக்கொடுத்தது. 'மாடு மாதிரி வளர்ந்துட்டு இன்னும் ஆனா ஆவன்னா' என்ற கேலியைப் பதிவேட்டால் தடுக்க முடியவில்லை.

ஒரே வயசுக்காரர்கள் ஒரே வகுப்பில் என்பது இயற்கை விதி அல்ல. ஐரோப்பாவின் இடைக்காலப் பள்ளிகளில் சிறுவர்களும் வாலிபர்களும் ஒன்றாகவே படித்தார்கள் என்றும், வயசுவாரி வகுப்பு பின்னால் மெல்ல மெல்ல உருவானது என்றும் ஃபிலிப் ஆரியே 1960-இல் வெளியான நூலில் விளக்குகிறார். நம் திண்ணைப் பள்ளியிலும் அப்படித்தான். மூத்த பையன் சட்டாம்பிள்ளை. அங்கே வயசு ஒரு பதவி. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், பிள்ளைக்குப் பிள்ளையே பாடம் சொல்லும் முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அதற்குப் பெயரே 'மெட்ராஸ் முறை'. அதற்குப் பிறகு வந்த வகுப்பறை, ஆண்டு என்ற அளவுகோலால் பிள்ளைகளை அடுக்கியது. அடுக்கில் பிதுங்கியவர்கள் 'மக்கு' ஆனார்கள். (தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைக்குத் திண்ணை திறந்திருக்கவில்லை என்பதால் அந்தப் பழமைக்காக ஏங்கவும் வேண்டியதில்லை.)

தாமதம் எல்லோருக்கும் தண்டனையாக இருப்பதில்லை. அமெரிக்காவில் வசதியுள்ள பெற்றோர் சிலர் வேண்டுமென்றே ஒரு வருஷம் தள்ளிச் சேர்க்கிறார்கள். வகுப்பில் மூத்தவனாக இருந்தால் பிள்ளை ஜெயிப்பான் என்ற கணக்கு. கணக்கில் கொஞ்சம் உண்மை உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வகுப்பின் இளையவர்களான டிசம்பர் மாதப் பையன்களை, மூத்தவர்களான ஜனவரிப் பையன்களைவிட 30 சதவீதம் அதிகமாக 'கவனக்குறைவு நோய்' உள்ளவர்கள் என்று மருத்துவர்கள் அடையாளப்படுத்தியதை 2012-இல் ஓர் ஆய்வு காட்டியது. வெறும் சின்னப் பிள்ளைத்தனம் அங்கே நோயாகிவிட்டது. ஆனால் இந்த முந்துதல் நிலைப்பதாகத் தெரியவில்லை. 2011-இல் வெளியான நார்வே ஆய்வு, பள்ளியில் சேர்ந்த வயசு 18 வயசு அறிவுச் சோதனையில் பெரிய வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை என்றது.

நார்வேக்காரருக்கு உண்மையாக இருப்பது பாடாலூர்ப் பெண்பிள்ளைக்கு உண்மையாகாது. கூட்டிக் கழித்துப் பாருங்கள். அஞ்சில் சேர்ந்தவள் பதின்மூன்று வயசில் எட்டாம் வகுப்பை முடித்திருப்பாள். எட்டில் சேர்ந்தவள் அதே பதின்மூன்றில் அஞ்சாம் வகுப்பைத்தான் முடிக்கிறாள். அநேக கிராமங்களில் ஊர்ப் பள்ளிக்கூடம் முடிகிற இடமும் அதுதான். ஆறாம் வகுப்புக்கு அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும், இல்லை பஸ் ஏற வேண்டும். அவள் பெரிய மனுஷி ஆகிற வேளையும் அதுவே. 'வயசுக்கு வந்த பிள்ளையை ரோட்டுல எப்படி அனுப்புறது?' என்று ஆத்தா கேட்கிறாள். வசதியான வீட்டில் முன்னால் கூட்டிக்கொண்ட ஒரு வருஷம் பின்னால் லாபமாகிறது. இவளுக்கு முன்னால் போன மூன்று வருஷம், பின்னால் படிப்பு முழுவதையும் கொண்டுபோகிறது. இதைச் 'சேர்க்கை தாமதம்' என்று ஒரே சொல்லில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும்.

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் காதைத் தொடும் பரீட்சையின் வேரை அறுத்தது. வயசுச் சான்று இல்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. பிந்தி வருகிற பிள்ளையை அதன் வயசுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிறது. பத்து வயசுப் பிள்ளை எழுத்தறியாமல் அஞ்சாம் வகுப்பில் உட்கார்ந்தால் உடம்பு உறுத்தாது, பாடம் உறுத்தும். வயசு அடுக்கை அப்படியே வைத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கிப் பொருத்துகிற ஏற்பாடு இது. அடுக்கையே கொஞ்சம் தளர்த்திப் பார்த்தது செயல்வழிக் கற்றல்தான். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் போனது. ஒன்று முதல் நாலு வகுப்புப் பிள்ளைகள் கலந்து உட்கார்ந்து, அவரவர் ஏணிப்படியில் அவரவர் வேகத்தில் ஏறினார்கள். 'யார் எந்த வகுப்புன்னே தெரியலியே' என்பதே அதன்மேல் வந்த பெரிய புகார். பிந்தி வந்த பிள்ளைக்கு வேண்டியிருந்தது அந்தத் தெரியாமைதான்.

அதே சட்டத்தின் நாலாம் பிரிவில், இப்படிப் பிந்திச் சேர்ந்தவர்களுக்குப் பதினாலு வயசு கடந்தாலும் எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை இலவசப் படிப்பு உண்டு என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை ஆத்தாவிடம் போய்ச் சொல்வது யார் என்பது அதில் இல்லை.