வலையை வெட்டுமுன் வெயிலைக் கேளுங்கள்

பதுளையில் ஹாட்வெயார் கடை நடத்தும் எம்மைப் போன்றோருக்குத் தோட்டங்கள்தான் பெரிய வாடிக்கையாளர்கள். பசறைப் பக்கத் தோட்டமொன்றின் பங்களா அப்பு ஒருநாள் வந்து, ஒரு பையை என் மேசையில் கொட்டினார். எல்லாம் நொறுங்கிப்போன பச்சைத் துண்டுகள்.

"முதலாளி, போன வருசம் நீங்க குடுத்த நுளம்பு வலைதான். கை பட்டா உதிருது."

தவறு என்னுடையது. அவர் விலை குறைந்ததாகக் கேட்டார். நான் பிளாஸ்டிக் வலையை வெட்டிக் கொடுத்தேன். விறாந்தை எந்தப் பக்கம் பார்த்தது என்று கேட்கவில்லை. பின்னேர வெயில் நேரே விழும் இடமாம். மலிவான பிளாஸ்டிக்கை வெயில் தின்றுவிடும். காசு வாங்காமல் பைபர்கிளாஸ் வலை கொடுத்தனுப்பினேன். எனக்கு வந்த நட்டத்தை விட, துரையிடம் அவர் வாங்கிய ஏச்சுத்தான் மனதை உறுத்தியது.

சகோதர வியாபாரிகளே, இரும்புக் கம்பி வலை எமது மழைக்கும் பனிக்கும் துருப்பிடிக்கும். அலுமினிய வலை அப்படியல்ல. ஆனால் பந்து பட்ட பள்ளம் அப்படியே நிற்கும். பைபர்கிளாஸ் வளைந்து கொடுக்கும், பூனை நகத்துக்கு மட்டும் தாங்காது. கொள்வனவு செய்யும்போது அடிமட்டத்தை வைத்துக் கண்களை எண்ணுங்கள். வழமையான நுளம்பு வலையில் ஓர் அங்குலத்துக்கு ஒரு பக்கம் 18, மறுபக்கம் 16 இருக்கும்.

அலுமினியச் சட்டமென்றால், வலையை இறுக்கும் பழைய றப்பர் நாடாவில் ஒரு துண்டு கொண்டுவரச் சொல்லுங்கள். தடிப்பு மாறினால் நாடா நிற்காது. வலையை நாலு புறமும் 2 அங்குலம் கூட்டி வெட்டி, நாடாவை அழுத்திய பிறகே மிச்சத்தை வெட்ட வேண்டும். அளவுக்கு மீறி இழுத்தால் சட்டம் உள்ளே வளையும். பாஸ்மார் பலர் செய்யும் தவறு இது. மரச்சட்டத்தில் பழைய ரீப்பையை உடையாமல் கழற்றினால் அதையே திரும்ப அடிக்கலாம். இதை நாம் சொல்வதில்லை, புது ரீப்பை விற்கலாமே!

"மலேரியாதான் போய்விட்டதே, வலை எதற்கு?" என்பாருமுண்டு. உண்மை, 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது. மறுவருடமே டெங்கு நோயாளர் தொகை 1 லட்சத்து 86 ஆயிரத்தைத் தாண்டியது. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. இரவில் கட்டில் வலைக்குள் படுத்தால் மட்டும் போதுமா? பிள்ளைகள் பகலில் இருப்பது விறாந்தையில்தானே. லயன் வீடுகளிலிருந்து ஒரு யார், இரண்டு யார் கேட்டு வருவோரை முழு றோல் பேசித் திருப்பி அனுப்பாதீர்கள்.

அந்த அப்பு இன்றும் வருகிறார். போன தடவை நான் வாய் திறக்குமுன்னே, "இது கிழக்குப் பக்கம் முதலாளி" என்றார்.