ஏழு மணிக்குப் பிறகு அப்பா

தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆணின் கனவுகள் நாவலில் ஒரு மாதிரி, சினிமாவில் இன்னொரு மாதிரி. மும்பைத் தமிழர் வீடுகளில் கணக்கே வேறு.

மனைவி வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். சின்னப் பையன் தகப்பனிடம் மிஞ்சுகிறான். தகப்பனுக்கோ விளம்பரத் தொழிலில் மேலே போக வேண்டும் என்ற வெறி. அமெரிக்க எழுத்தாளர் ஏவரி கார்மன் 1977-ல் வெளியிட்ட ‘கிராமர் வெர்சஸ் கிராமர்’ நாவலின் முடிச்சு இது. கார்மன் தந்தையில்லாத வீட்டில் தாயால் வளர்க்கப்பட்டவர். எழுதியது தாயில்லாத வீட்டைப் பற்றி. இரண்டே ஆண்டுகளில் கதை படமாகி, டஸ்டின் ஹாஃப்மன், மெரில் ஸ்ட்ரீப் நடிப்பில் ஐந்து ஆஸ்கர்களைத் தட்டிச் சென்றது. 1995-ல் மன்சூர் கான் அதே கருவை மும்பைக்குக் கொண்டுவந்தார். ‘அகேலே ஹம் அகேலே தும்’ படத்தில் தகப்பன் ஆமிர் கான் ஒரு பாடகர். மனைவி மனீஷா கொய்ராலா சினிமா நட்சத்திரமாகிவிடுகிறார்.

ஹாலிவுட் படத்தைப் பார்த்தவர்களுக்கு, அப்பாவும் பிள்ளையும் சமையலறையில் பிரெஞ்ச் டோஸ்ட் செய்யத் திண்டாடும் காட்சி மறக்காது. நாவலைப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். நாவலில் தகப்பன், பகலில் பையனைப் பார்த்துக்கொள்ள சம்பளத்துக்கு ஒரு அம்மாளை அமர்த்துகிறான். படத்தில் அந்த அம்மாளைக் காணோம். அவர் இருந்தால் கதாநாயகனின் தியாகம் கொஞ்சம் மங்கிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. ஆனால் விஷயத்தின் உயிர் அந்த அம்மாளிடம்தான் இருக்கிறது. தகப்பன் ஆபீசில் இருக்கும் நேரத்தில் குழந்தை யாரிடம்?

மும்பைத் தமிழர்களிடம் இதற்கு ஒரு பழைய பதில் உண்டு: ஊர். மனைவி இறந்தாலோ பிரிந்தாலோ குழந்தை ரயிலேறும். இல்லையென்றால் பாட்டி ரயிலேறி வருவாள். நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஒன்றரை நாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவர்களானாலும் சரி, டைப்பிங்கும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் மாட்டுங்காவில் வந்து இறங்கியவர்களானாலும் சரி, இதில் பெரிய வித்தியாசம் இல்லை. தமிழ் சினிமாவின் மிகப் பிரபலமான தாராவித் தகப்பனும் இதைத்தான் செய்தார். மணிரத்னத்தின் ‘நாயகன்’ (1987) படத்தில் மனைவி கொல்லப்பட்டதும் வேலு நாயக்கர் பிள்ளைகள் இருவரையும் சென்னைக்கு அனுப்பிவிடுகிறார். பேட்டைக்கே தகப்பனாக இருந்தவர், சொந்தப் பிள்ளைகளுக்கு அப்படி இருக்க முடியவில்லை. வளர்ந்து திரும்பும் மகள் அவரோடு மோதும்போது அந்தக் கணக்கும் சேர்ந்தே வருகிறது.

இன்னொரு பதில் மறுமணம். குழந்தைக்கு ஒரு துணை வேண்டாமா என்று கேட்டே மனைவியை இழந்தவனுக்குப் பெண் பார்ப்பார்கள். கணவனை இழந்தவளிடம் அதே கேள்வியை யாரும் கேட்பதில்லை. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

பாட்டியும் இல்லை, மறுமணமும் வேண்டாம் என்பவனின் நாள் எப்படி இருக்கும்? வீடு செம்பூரில், வேலை கோட்டைப் பகுதியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹார்பர் லைன் நெரிசலில் நசுங்கி அவன் வீடு சேரும்போது மணி ஏழு. இந்த நகரத்தில் சம்பளக்காரனின் கனவுக்கென்று மிச்சமிருப்பது ஏழிலிருந்து பத்து வரைதான். செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் கச்சேரி கேட்பதும், ஷண்முகானந்தா ஹாலுக்கு ஓடுவதும், அமெச்சூர் நாடக ஒத்திகையும், மிருதங்க வகுப்பும், மாலைக் கல்லூரியில் படிப்பதும் அந்த மூன்று மணி நேரத்துக்குள்தான். குழந்தைக்கு வீட்டுப் பாடம், சாப்பாடு, கதை, தூக்கம் எல்லாம் வேண்டியிருப்பதும் அதே மூன்று மணி நேரத்தில். நாவல்களில் தகப்பன் வேலையா பிள்ளையா என்று தவிக்கிறான். மும்பையில் வேலையை விட முடியாது, பிள்ளையை விடக் கூடாது. போவது மிருதங்கம்.

தாராவியில் நிலைமை சற்று மாறுபடும். ஏறக்குறைய 600 ஏக்கருக்குள் வீடும் தொழிலும் ஒரே சந்தில், பல இடங்களில் ஒரே கூரையின் கீழ். கீழே தையல் மிஷின், மேலே குடும்பம். விடியுமுன் இட்லி அவித்து சைக்கிளில் நகரமெங்கும் விற்கப் போகிறவர் பிற்பகலில் வீட்டில் இருக்க முடியும். தோல் பட்டறைக்காரருக்குப் பிள்ளை கூப்பிடு தூரத்தில். போதாததற்குப் பக்கத்து வீட்டு அக்கா. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 இடங்களில் தொடங்கியபோது அவற்றில் தாராவியும் ஒன்று. அங்கன்வாடி சில மணி நேரம்தான், ஆனாலும் அது ஒரு கை. தாராவி மறுசீரமைப்பு பற்றிய வாதங்களில் சதுர அடிக் கணக்குக்குப் பஞ்சமில்லை. வீட்டையும் பட்டறையையும் பிரித்தால் இந்தக் கூப்பிடு தூரம் என்னாகும் என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

சட்டம் தகப்பனை விசித்திரமாகத்தான் பார்த்து வந்திருக்கிறது. 1956-ம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டப்படி தந்தைதான் இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பின் தாய். அதே சட்டம், ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. கையெழுத்துப் போட அப்பா, சோறூட்ட அம்மா! மும்பையில் வளர்ந்த நாவலாசிரியை கீதா ஹரிஹரன் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில், 1999-ல், ‘பின்’ என்பதற்குத் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருளில்லை, அவர் பொறுப்பில் இல்லாதபோதும் தாயே காப்பாளர் என்று தீர்ப்பானது. தாயின் கையெழுத்துக்கு மதிப்பு வந்தது. தகப்பனின் சோறூட்டும் கைக்கு அப்படியொரு தீர்ப்பு வரவில்லை. 2017-ல் பேறுகாலச் சட்டம் திருத்தப்பட்டபோது 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றார்கள். நாளில் நான்கு முறை அங்கே போய்வரும் உரிமையைப் பெண் ஊழியருக்கு மட்டும் எழுதினார்கள்.

பணமிருப்பவர்கள் வேறு வழி கண்டார்கள். நடிகர் துஷார் கபூர் 2016-ல் வாடகைத் தாய் மூலம் தனித் தந்தையானார், 2022-ல் அதைப் பற்றி ‘பேச்சலர் டாட்’ என்று புத்தகமும் எழுதினார். இயக்குநர் கரண் ஜோஹருக்கு 2017-ல் இரட்டைக் குழந்தைகள். அந்தக் கதவும் சாத்தப்பட்டுவிட்டது. 2021-ம் ஆண்டின் வாடகைத் தாய்ச் சட்டத்தில் தனி ஆணுக்கு இடமில்லை. தத்தெடுக்கலாம், ஆனால் 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி தனி ஆணுக்குப் பெண் குழந்தை கிடையாது.

ஒரே ஒரு ஜன்னல் திறந்தது. மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்கு 2008 முதல் இருந்த 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு, 2018 டிசம்பரில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கும் விரிந்தது. மணமாகாதவர், மனைவியை இழந்தவர், விவாகரத்தானவர் மூவரும் இதில் அடக்கம். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், மீதிக்கு 80 சதவீதம். செம்பூரை அடுத்த அணுசக்தி நகரில் குடியிருக்கும் பாபா அணு ஆராய்ச்சி மைய ஊழியர் இதைக் கேட்டு வாங்கலாம். அதே செம்பூரில் தனியார் கம்பெனிக் கணக்கருக்கும், தாராவித் தையல்காரருக்கும் இந்த விதி பொருந்தாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கணக்கர் தன் சொந்த லீவைத்தான் எடுக்க வேண்டும். அது தீர்ந்ததும் ஊருக்குப் போன் போகிறது.