ஒளியை ஓட வைக்கும் ஊர்

கொல்கத்தாவின் துர்கா பூசைத் தெருக்களில் மயில் தோகை விரிப்பதையும் இரயில் ஓடுவதையும் மின்விளக்குகளில் கண்டு வியக்கிறோம். அவற்றுள் பல, புதுச்சேரியைப் போலவே முன்பு பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்தன்நகர்க் கலைஞர்களின் கைவண்ணம். இக்கலையை உலகறியச் செய்தவர் ஸ்ரீதர் தாஸ்.

அக்காலத்தில் உலோகத் தகடுகள் பதித்த உருளையை மோட்டாரால் சுழற்றினர். தகடு தொட்டால் விளக்கு எரியும், விலகினால் அணையும். தகடுகளின் வரிசையே அன்றைய நிரல். இன்று அப்பணியை மின்னணுச் சில்லு செய்கிறது. நடமாடும் டிஜே மேடைகளிலோ, டிஎம்எக்ஸ் 512 முறைப்படி ஒரே வடம் 512 தடங்களுக்குக் கட்டளை கொண்டு செல்கிறது.

எல்இடி விளக்குகளால் மின்செலவு குறைந்தது. ஆயினும் புதிய கருவிகளுக்கு முதலீடு வேண்டும். வருவாய் விழாக்காலத்தில் வருகிறது. தவணையோ மாதந்தோறும் வருகிறது. ஆகவே, இத்தொழிலுக்குக் கடன் பெறுவோர், பருவ வருவாய்க்கேற்பத் தவணையை அமைக்க இயலுமா எனக் கிளை மேலாளரிடம் முன்னரே கேட்டறியுமாறு பரிந்துரைக்கிறோம்.