ஒரே சர்நேம் இருந்தா ஒரே ரத்தமா? அப்பா வழி டிஎன்ஏ சோதனை சொல்வதும் சொல்லாததும்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பக்கம் ‘சைக்ஸ்’ என்றொரு குடும்பப் பெயர் உண்டு. சிறிய ஓடையைக் குறிக்கும் வட்டாரச் சொல்லில் இருந்து வந்த பெயர். ஓடைக்குப் பஞ்சமே இல்லாத பகுதி அது. அதனால் ஆங்காங்கே ஓடைக்கரையில் குடியிருந்தவர்கள் தனித்தனியாக இந்தப் பெயரை வைத்துக்கொண்டிருப்பார்கள், இன்றைய சைக்ஸ்களுக்குள் சொந்தம் பந்தம் பெரிதாக இருக்காது என்றுதான் பழைய ஆவணங்களைப் பார்த்தவர்கள் நினைத்திருந்தார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு மரபியல் பேராசிரியர் பிரையன் சைக்ஸுக்கு இதில் சொந்த ஆர்வமும் இருந்தது. பெயரே அதுதானே! தனக்கு முன்பின் தெரியாத சைக்ஸ் ஆண்களிடம் டிஎன்ஏ மாதிரி கேட்டு வாங்கிப் பரிசோதித்தார். 2000-ம் ஆண்டு வெளியான முடிவு பலரையும் ஆச்சரியப்படுத்தியது. ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம். ஒப்பிடுவதற்காக எடுக்கப்பட்ட, வேறு பெயர் கொண்ட அதே பகுதி ஆண்களிடம் அந்த வகை இல்லை. அப்படியானால், சுமார் 700 வருடங்களுக்கு முன் இந்தப் பெயரைத் தாங்கிய ஒரே ஒரு மூதாதையரில் இருந்து கிளைத்த குடும்பம் இது என்றுதான் அர்த்தம்.

சரி, மீதிப் பாதி? அங்கேதான் விஷயமே இருக்கு.

அதற்கு முன், இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். நம் டிஎன்ஏவின் பெரும்பகுதி ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போடப்படுகிறது. ஒய் குரோமோசோம் மட்டும் அப்பாவிடம் இருந்து மகனுக்கு, பெரும்பாலும் கலக்காமல் அப்படியே போகிறது. ஐரோப்பாவின் பல நாடுகளில் குடும்பப் பெயரும் அதே பாதையில்தான் போகிறது. இரண்டும் சேர்ந்தே பயணம் செய்வதால், ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்கலாம். (நம்ம ஊர் இனிஷியலை வைத்து இதைச் செய்ய முடியாது. தாத்தாவின் இனிஷியல் அப்பாவோடு நின்றுவிடுகிறது, பேரனுக்கு வருவதில்லை.)

ஒய் குரோமோசோமில் சில இடங்களில் ஒரு சிறு எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும். ஓரிடத்தில் 13 முறை, இன்னோரிடத்தில் 24 முறை என்று. இந்த எண்களின் வரிசைதான் ஒருவரின் அப்பா வழி அடையாளம். நகலெடுக்கும்போது எப்போதாவது 13 என்பது 14 ஆகிவிடும். இரண்டு பேரின் வரிசையில் எத்தனை எண்கள் மாறியிருக்கின்றன என்பதைக் கொண்டு, பொது மூதாதையர் எவ்வளவு காலத்துக்கு முன் வாழ்ந்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள். கணிப்புதான், துல்லியமான தேதி கிடைக்காது. 12 இடங்களை மட்டும் பார்க்கும் பழைய சோதனையில், சம்பந்தமே இல்லாத ஆட்கள்கூடப் பொருந்திப்போவார்கள். அதனால் சர்நேம் ஆராய்ச்சிக்கு 37 அல்லது 111 இடங்களைப் பார்க்கும் சோதனைதான் உருப்படியானது.

பெயர் அரிதாக இருந்தால் பலன் அதிகம். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜாப்ளிங் இருவரும் 40 பிரிட்டிஷ் குடும்பப் பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களை ஆராய்ந்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். அட்டன்பரோ போன்ற அரிய பெயர் கொண்டவர்களில் பெரும்பாலானோர் ஒரே வம்சம். ‘ஸ்மித்’தை எடுத்துக்கொண்டால், தெருவில் போகிற வருகிறவர்களைச் சோதித்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. ஸ்மித் என்றால் கொல்லர். ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தார், ஊருக்கு ஊர் ஸ்மித்தும் உருவானார். அவ்வளவுதான்.

இனி, அந்த மீதிப் பாதி. பெயர் ஒரு பக்கமும் ஒய் குரோமோசோம் இன்னொரு பக்கமும் பிரிந்துபோக எத்தனையோ வழிகள் உண்டு. தத்துப் பிள்ளை, கணவரை இழந்தவரின் மறுமணம், அம்மாவின் பெயரைத் தாங்கிய குழந்தை, சொத்துக்காக மனைவி வீட்டுப் பெயரை ஏற்றுக்கொண்ட மாப்பிள்ளை... திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை என்பது இந்தப் பட்டியலில் ஒன்று மட்டுமே. ஆனால் ரிசல்ட் பொருந்தவில்லை என்றதும் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது என்னவோ யாரோ ஒரு கொள்ளுப்பாட்டியைத்தான். இது அநியாயம். சோதனை முடிவு எந்தக் காரணத்தையும் சொல்வதில்லை.

பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் நடந்த ஆய்வுகளின்படி, பதிவேட்டில் இருக்கும் அப்பா உயிரியல் அப்பாவாக இல்லாமல் போவது தலைமுறைக்குச் சுமார் 1 சதவீதம்தான். கேட்க ரொம்பக் கம்மி. ஆனால் 25 தலைமுறைக்குக் கணக்குப் போட்டால், ஒரு வம்சக்கோட்டில் எங்காவது ஓரிடத்தில் இழை அறுந்திருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 22 சதவீதம். தத்தும் பெயர் மாற்றமும் சேர்ந்தால் இன்னும் கூடும்.

அரச குடும்பமும் இதற்கு விலக்கில்லை. 2012-ல் லெஸ்டர் நகரின் கார் பார்க்கிங் ஒன்றின் அடியில் கிடைத்த எலும்புக்கூடு, மன்னர் மூன்றாம் ரிச்சர்டுடையது என்பது அவருடைய சகோதரியின் தாய்வழி வாரிசுகளின் டிஎன்ஏவோடு பொருந்தி உறுதியானது. தந்தை வழியில்தான் குழப்பம். மூன்றாம் எட்வர்டு மன்னர் வழியாக ரிச்சர்டுக்குப் பங்காளிகளாக வரவேண்டிய ஐந்து பேரின் ஒய் குரோமோசோமும் அவரோடு பொருந்தவில்லை. அந்த ஐந்தில் நால்வர் ஒரு வகை, ஒருவர் தனி வகை. அதாவது அந்த அரச வம்ச மரத்தில் குறைந்தது இரண்டு இடங்களில் கிளை மாறியிருக்கிறது. எங்கே, எப்போது என்பதைப் பொறுத்து யாருக்கு அரியணை உரிமை இருந்தது என்ற கேள்விகூட வரும். 2014-ல் இந்த முடிவு வந்தபோது பிரிட்டிஷ் பத்திரிகைகளுக்கு நல்ல தீனி.

சோதனை செய்வது சுலபம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்பினால் போதும். பெண்களுக்கு ஒய் குரோமோசோம் இல்லாததால், அப்பா, அண்ணன், தம்பி, சித்தப்பா, பெரியப்பா யாராவது மாதிரி தர வேண்டும். யோசிக்க வேண்டிய இடமும் இதுதான். சித்தப்பா தரும் மாதிரி அவரைப் பற்றி மட்டும் பேசாது, அவருடைய மகன்கள், அண்ணன் தம்பிகள், அவர்களுடைய பேரன்கள் எல்லோரைப் பற்றியும் பேசும். அவர்களில் யாரும் சம்மதம் தந்திருக்க மாட்டார்கள்.

2005-ல் வெளியான ஒரு சம்பவம் இதற்கு உதாரணம். விந்தணு தானத்தில் பிறந்த 15 வயதுப் பையன் ஒருவன், தன் ஒய் டிஎன்ஏவை ஒரு தனியார் தரவுத்தளத்தில் சேர்த்தான். சில மாதங்களில், பொருந்தும் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், ஆனால் எழுத்து மட்டும் சற்று மாறிய ஒரே குடும்பப் பெயர். தானம் செய்தவரின் பிறந்த தேதியும் ஊரும் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஊரில் அதே நாளில் பிறந்தவர்களின் பட்டியலை விலைக்கு வாங்கிப் பார்த்தால், அந்தப் பெயரில் ஒரே ஒருவர். பெயர் வெளியே வராது என்று நம்பியிருந்த அந்த மனிதர் எந்தத் தரவுத்தளத்துக்கும் தன் டிஎன்ஏவைத் தரவே இல்லை.

மரபியலாளர் யானிவ் எர்லிச்சும் அவருடைய குழுவும் 2013-ல் இதையே பெரிய அளவில் செய்துகாட்டினார்கள். பெயர் நீக்கி ஆராய்ச்சிக்காக இணையத்தில் வைக்கப்பட்டிருந்த மரபணுத் தொகுப்புகளில் ஒய் குரோமோசோம் எண்களை எடுத்து, பொதுவெளியில் இருக்கும் வம்சாவளித் தளங்களில் தேடினார்கள். சர்நேம் கிடைத்தது. வயதையும் மாகாணத்தையும் சேர்த்தபோது ஆளும் கிடைத்தார். ஆய்வு வெளியானதும் அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு, அந்த மாதிரிகளோடு இருந்த வயது விவரத்தைப் பொதுப்பார்வையில் இருந்து எடுத்துவிட்டது.