புள்ளி வைத்ததும் இறங்கும் பட்டியல்

ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் சாயங்காலமானால் தெருவுக்கு ஒரு லேப்டாப்பிலாவது ஜாவாவோ பைத்தானோ ஓடிக்கொண்டிருக்கும். சுற்றுவட்டாரத்தில் இன்ஜினியரிங் கல்லூரிகள். ரயிலேறினால் அம்பத்தூரில் ஐ.டி. கம்பெனிகள். கோடிங் பழகுபவரை முதலில் மயக்குவது எடிட்டரின் ஆட்டோகம்ப்ளீட். பெயருக்குப் பின் ஒரு புள்ளி வைத்தால் பட்டியல் இறங்கும். 1996-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த இன்டெலிசென்ஸ்தான் இதைப் பரவலாக்கியது.

புள்ளி வைத்த நொடியில் வரி பாதியில் நிற்கிறது. கம்பைலர் என்றால் எர்ரர் காட்டி ஒதுங்கிவிடும். எடிட்டருக்குப் பின்னால் ஓடும் லாங்குவேஜ் சர்வருக்கு அந்தச் சலுகை கிடையாது. அரைகுறை வரியை வைத்துக்கொண்டே, புள்ளிக்கு முன்னால் இருப்பது என்ன டைப் என்று அது ஊகித்தாக வேண்டும்.

குழப்பம் அங்கேதான் ஆரம்பம். ஜாவாவில் ‘லிஸ்ட்’ என்று அடித்தால் இரண்டு லிஸ்ட் வரும். ஒன்று ‘ஏடபிள்யூடி’ பேக்கேஜில் உள்ளது: திரையில் காட்டும் பட்டியல் பெட்டி, 1996-இல் வந்த முதல் ஜாவாவிலிருந்தே இருப்பது. நமக்கு வேண்டியது ‘யூட்டில்’ பேக்கேஜில் உள்ளது. அது 1998-இல் ஜாவா 1.2-உடன்தான் வந்தது. அவசரத்தில் என்டரைத் தட்டினால் மூத்த லிஸ்ட் சத்தமில்லாமல் ஃபைலின் தலையில் இம்போர்ட் ஆகிவிடும். எர்ரரோ பத்து வரி கீழே, நாம் சரியாக எழுதிய இடத்தில் சிவப்புக் கோடு போடும். பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் மங்கலாகத் தெரியும் பேக்கேஜ் பெயரைப் படிக்கக் கற்பதே பாதி ஜாவா என்பேன்.

பைத்தானில் வேறு கூத்து. ஃபங்ஷனுக்குள் வரும் ‘எக்ஸ்’ எண்ணா எழுத்தா என்று சொல்லாவிட்டால், புள்ளிக்குப் பிறகு உருப்படியாக ஒன்றும் வராது. பக்கத்தில் ‘எஸ்டிஆர்’ என்று டைப் குறித்தால் பட்டியல் கொட்டும். ஓடும்போது பைத்தான் அந்தக் குறிப்பைச் சரிபார்ப்பதே இல்லை. எண்ணைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்.

இன்னொன்று: ரேண்டம் மாட்யூலைப் பழக, ஃபைலுக்கே ‘ரேண்டம்.பிஒய்’ என்று பெயர் வைத்துவிடுவார்கள். பிறகு அந்த மாட்யூலில் உள்ள ‘ரேண்டின்ட்’டைக் காட்டவில்லை என்று எடிட்டரைத் திட்டுவார்கள். எடிட்டர் மேல் தப்பில்லை. பைத்தான் முதலில் நம் ஃபோல்டரில்தான் தேடும். அங்கே கிடைத்த நம் ஃபைலையே மாட்யூல் என்று எடுத்துக்கொள்ளும். ஃபைல் பெயரை மாற்றினால் ரேண்டின்ட் பட்டியலுக்கு வந்துவிடும்.