கொடுமுடி தந்த குரல்: கே.பி. சுந்தராம்பாளின் கலைவாழ்வு

இளம் வயதிலேயே பாடிப் புகழ்பெற்றவர்கள் எல்லா நாடுகளிலும் உண்டெனினும், அப்புகழை முதுமை வரை குறையாமல் காத்துக்கொண்டவர்கள் சிலரே. அமெரிக்காவின் தென்மாநில நாட்டுப்புறப் பாடல்களிலிருந்து வளர்ந்த ‘கண்ட்ரி’ இசையில், தான்யா டக்கர் 1972-ல் தம் 13-ஆம் வயதில் வெளியிட்ட பாடலால் நாடறிந்தவரானார். ஆயினும் கிராமி விருது அவர் கைக்கு வந்தது 2020-ல்தான். குழந்தைக் குரலைக் கொண்டாடிய ரசிகர்கள் அதே கலைஞர் வளர்ந்தபின் வேறொன்றை எதிர்பார்க்கத் தொடங்குவதும், அந்த எதிர்பார்ப்புக்கு ஈடுகொடுக்க முடியாமல் பலர் பின்தங்கிவிடுவதும் இசையுலகின் பொது வழக்கம். தமிழில் இந்த வழக்கத்துக்கு விலக்காக நின்றவர் கே.பி. சுந்தராம்பாள். பத்து வயதையொட்டி நாடக மேடையேறிய அவர் 60 வயதைக் கடந்த பின்னரும் தேசிய விருது பெறும் பாடகியாக விளங்கியதற்கு அவரது குரல்வளம் ஒரு காரணம் என்றால், எந்த வேடத்தை ஏற்பது, எதை மறுப்பது என்பதில் அவர் காட்டிய உறுதி மற்றொரு காரணம்.

ரயிலிலிருந்து மேடைக்கு

இன்றைய ஈரோடு மாவட்டத்தில் காவிரிக் கரையில் அமைந்த கொடுமுடியில் 1908-ல் பிறந்த சுந்தராம்பாள், இளமையிலேயே தந்தையை இழந்து, தாய் பாலாம்பாளின் பராமரிப்பில் வறுமையில் வளர்ந்தார். ரயிலில் பாடிக்கொண்டு வந்த அச்சிறுமியின் குரலை, ரயில்வே அதிகாரியும் நாடக ஆர்வலருமான எஃப்.ஜி. நடேசய்யர் கேட்டு வியந்து, பி.எஸ். வேலு நாயரின் நாடகக் குழுவில் அவர் சேர வழிசெய்தார் என்பது அவரது வாழ்க்கை வரலாறுகள் பலவும் கூறும் செய்தி. வறுமையின் கொடுமையால் தன் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்து இறக்கும் நல்லதங்காளின் கதையில், பசியால் அழுது பாடும் பிள்ளையாக நடித்ததே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. பசியை மேடைக்கு வெளியிலும் அறிந்திருந்த சிறுமி அதைப் பாடியபோது கொட்டகை உருகியதில் வியப்பில்லை.

அக்கால மேடை எத்தகையது என்பதை அறிந்தால்தான் அவர் பெற்ற பயிற்சியின் தன்மை விளங்கும். ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்பட்ட முறையில், நடிகர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர் ஆகியோர் ஒத்திகை ஏதுமின்றி அன்றிரவே ஒன்றுகூடி விடிய விடிய நடிப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகப் பாடல்கள் அனைவருக்கும் மனப்பாடம் என்பதால் இது இயன்றது. வள்ளி திருமண நாடகத்தில் வள்ளியும் வேடனாக வரும் முருகனும் பாட்டாலேயே வாதாடும் ‘தர்க்கம்’ என்னும் பகுதியில், எதிரே நிற்பவர் எந்த அடியை எடுப்பார் என்பது முன்கூட்டித் தெரியாது. கேட்ட கணமே பதில் பாட்டு எழ வேண்டும், தடுமாறினால் கொட்டகை சிரிக்கும். ஒலிபெருக்கி இல்லாத காலமாதலால், கடைசி வரிசையில் மண் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேர வேண்டியிருந்தது. கர்நாடக ராகங்களும் சிந்து, கும்மி, ஒப்பாரி முதலிய நாட்டார் மெட்டுகளும் கலந்திருந்த இந்த மேடையே சுந்தராம்பாளின் பள்ளிக்கூடம். பிற்காலத்தில் ஒலிவாங்கியின் முன் நின்றபோதும் அவர் சொற்களை நிறுத்தி, வெட்டி, உரத்துப் பாடிய பாங்கு அங்கே பிறந்ததுதான்.

கிட்டப்பா

இலங்கைத் தமிழர்களிடையே நாடகத்துக்கு இருந்த பெரும் வரவேற்பால், தமிழகக் கலைஞர்கள் கொழும்புக்கும் பிற ஊர்களுக்கும் அடிக்கடி கப்பலேறினர். அங்கே 1926-ல் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் இணைந்து நடிக்கத் தொடங்கினர். கிட்டப்பாவும் சிறுவயதிலேயே மேடையேறிப் புகழ்பெற்றவர். ஆர்மோனியத்தின் எந்தக் கட்டையைப் பாடகர் தம் ஆதார சுருதியாகக் கொள்கிறாரோ அதை வைத்துக் குரலின் உயரத்தைக் குறிப்பது தமிழ் மேடை வழக்கு; ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடிய நிலையில், பெண்களுக்குரிய சுருதியையே எட்டிய கிட்டப்பாவின் குரல் சுந்தராம்பாளின் குரலோடு ஒரே உயரத்தில் பொருந்தியது. தர்க்கப் பாடல்களில் இருவரும் ஒருவரையொருவர் விஞ்ச முயன்றதைக் கேட்கவே மக்கள் திரண்டனர்; அவர்கள் பாடிய இசைத்தட்டுகள் நாடகம் செல்லாத ஊர்களுக்கும் சென்றன.

1927-ல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். கிட்டப்பாவுக்கு முன்பே மனைவி இருந்தமையால் அந்த இல்வாழ்வு அமைதியாக அமையவில்லை. பின்னர் அச்சேறிய அவர்களது கடிதங்கள் அன்பையும் ஊடலையும் மனவருத்தத்தையும் ஒருங்கே காட்டுகின்றன. 1933 டிசம்பரில், 30 வயதைக்கூட எட்டாத நிலையில் கிட்டப்பா காலமானார். அப்போது 25 வயதே ஆகியிருந்த சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தத் தொடங்கியதோடு, இனி எந்த ஆண் நடிகருக்கும் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டு, இறுதிவரை அதைக் காத்தார்.

உறுதி திறந்த வழி

கதாநாயகியாக நடிக்க மறுக்கும் நடிகைக்குத் தொழிலில் இடமிருக்காது என்பதே இயல்பான கணிப்பு. நடந்ததோ வேறு. 1935-ல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நடிக்க அவருக்கு 1 லட்சம் ரூபாய் ஊதியம் பேசப்பட்டது. அன்றைய தமிழ்ப் படங்கள் பலவற்றின் மொத்தச் செலவே அத்தொகையை எட்டாது என்பதால், அச்செய்தி நாடெங்கும் பேசுபொருளாயிற்று. நந்தனார் ஆண் வேடம். காதலுக்கோ இணைக்கோ அதில் இடமில்லை. மகாராஜபுரம் விசுவநாதய்யர் போன்ற முன்னணிக் கர்நாடக வித்துவான் வேதியராக எதிரே நடிக்க, நாடக மேடையில் வளர்ந்த பெண் ஒருவர் பறையர் குலத்து அடியாராகத் தோன்றியது, இசையுலகின் மேல்கீழ்ப் படிநிலை இறுகியிருந்த அக்காலத்தில் சிறிய செய்தி அன்று.

அதன் பின்னர் அவர் ஏற்ற முதன்மையான வேடங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். 1940-ல் வந்த ‘மணிமேகலை’யின் தலைவி, அரசகுமாரனின் காதலை விலக்கித் துறவு பூண்டவள். ஜெமினி நிறுவனத்தின் ‘ஔவையார்’ (1953) கதைப்படி, இல்லறத்திலிருந்து தப்ப இளமையையே துறந்து முதுமையை வேண்டிப் பெற்றவர் ஔவை. ‘பூம்புகார்’ (1964) படத்தின் கவுந்தியடிகள் கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாக வந்த சமணத் துறவி. ‘காரைக்கால் அம்மையார்’ (1973) தம் அழகை உதறிப் பேயுரு வேண்டியவர். தமிழ் இலக்கிய மரபில் மணவாழ்வுக்கு வெளியே மதிப்புடன் நின்ற பெண்கள் யார் யாரோ, அவர்களில் பலரைத் திரையில் ஏற்று நடிக்கும் வாய்ப்பு சுந்தராம்பாளுக்கே வந்தது. நாடக நடிகையரைச் சமூகம் ஐயத்தோடு பார்த்த காலத்தில், வெண்ணிற ஆடையும் நெற்றி நிறைந்த திருநீறும் அவருக்கு மறுக்கவியலாத மதிப்பைப் பெற்றுத் தந்தன என்பதும், அந்த மதிப்புக்காக அவர் இளமையிலேயே பலவற்றை விட்டுக்கொடுக்க நேர்ந்தது என்பதும் சேர்த்தே எண்ணத்தக்கவை.

அரசியல் மேடை

காலனி ஆட்சியில் நாடகங்கள் 1876-ஆம் ஆண்டின் நாடகத் தடைச் சட்டத்துக்கு உட்பட்டிருந்தன. ஆயினும் புராண நாடகத்தின் காட்சிகளுக்கிடையே கதரையும் தேசத் தலைவர்களையும் போற்றும் பாடல்களைப் பாடிவிடும் உத்தியைக் கலைஞர்கள் கையாண்டனர். பாட்டுப் புத்தகம் படிக்கத் தெரியாதவருக்கும் பாட்டு புரிந்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் இப்பணியில் ஈடுபட்டனர். கிட்டப்பாவின் மறைவுக்குப் பின் காங்கிரஸ் பொதுக்கூட்டங்களில் தலைவர்கள் பேசுமுன் சுந்தராம்பாள் பாடுவதும், அதற்காகவே கூட்டம் சேர்வதும் வழக்கமாயின. 1951-ல் அவர் சென்னை மாகாணச் சட்ட மேலவை உறுப்பினரானார். திரைக்கலைஞர் ஒருவர் இந்தியாவில் சட்டமன்றத்துள் நுழைந்த முதல் நிகழ்வாக அது குறிக்கப்படுகிறது. கலைஞர்கள் அரசியலுக்கு வரும் தமிழக வழக்கத்தின் தொடக்கமாகப் பிற்காலத்துத் திராவிட இயக்கத்தவர்களையே சுட்டுவோர் இச்செய்தியை மறந்துவிடுகின்றனர்.

இறுதிப் பருவம்

1960-களில் திரையிசை மெல்லிய குரல்களை நோக்கி நகர்ந்துவிட்டது. ஒலிவாங்கி முணுமுணுப்பையும் பதிவுசெய்யும் என்பதால் உரத்துப் பாடும் தேவை நீங்கியிருந்தது. அத்தகைய காலத்தில் இயக்குநர் ஏ.பி. நாகராஜன் ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் சுந்தராம்பாளை மீண்டும் ஔவையாக்கினார். மாம்பழத்துக்காகக் கோபித்து மலையேறிய முருகனிடம் மன்றாடும் அக்காட்சியில், கே.வி. மகாதேவனின் இசையில் ஒலித்தது அரைநூற்றாண்டுக்கு முந்தைய நாடக மேடையின் குரல். புதிய தலைமுறையினர் அதைப் பழையது என்று ஒதுக்காமல் பக்தியின் குரலாகவே ஏற்றுக்கொண்டனர்.

1969-ல் வெளிவந்த ‘துணைவன்’ படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு பி. சுசீலா பெற்ற விருது அது. திரையில் ஒருவர் வாயசைக்க மறைவில் மற்றொருவர் பாடுவதே பின்னணிப் பாடல் என்றிருக்க, சுந்தராம்பாளோ தாம் ஏற்ற வேடத்துக்குத் தாமே பாடிய பழைய மரபின் கடைசிப் பிரதிநிதிகளுள் ஒருவர். 1970-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1980-ல் மறைந்தார். நடிப்பும் பாட்டும் ஒரே உடலில் இருந்த ஒரு கலைமுறையைச் சிறுமியாகக் கற்று, அதைப் பிரிக்கும் தொழில்நுட்பம் வந்த பின்னரும் பிரிய விடாமல் வாழ்ந்து காட்டியதே தமிழிசை வரலாற்றில் அவருக்குரிய தனியிடம்.