சோடா மூடியும் இரத்தப் பரிசோதனையும்

ஊரில் சோடா மூடியைக் கல்லில் வைத்துத் தட்டையாக்கி, இரண்டு துளையிட்டு நூல் கோத்து, இரு கைகளாலும் இழுத்து இழுத்து விர்ரென்று சுழலவிட்டவர்கள் எம்மில் பலர். அந்த விளையாட்டுப் பொருள் இப்போது ஆய்வுகூடக் கருவியாகியிருக்கிறது என்றால் எமது பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

வைத்தியசாலையில் எடுக்கும் இரத்தத்தைப் பல பரிசோதனைகளுக்கு முன் சென்ரிபியூஜ் என்ற கருவியில் வைத்து மிக வேகமாகச் சுழற்றுவார்கள். பாரமான செங்குருதிக் கலங்கள் குழாயின் அடிக்குப் போக, மஞ்சள் நிறமான பிளாஸ்மா மேலே தெளிந்து நிற்கும். செம்பகுதி எவ்வளவு என்று அளந்தாலே இரத்தச்சோகை இருக்கிறதா என்று ஊகிக்கலாம். ஆனால் கருவிக்கு மின்சாரம் வேண்டும். 2013இல் உகண்டாவுக்குச் சென்ற ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக விஞ்ஞானி மனு பிரகாஷ், ஒரு சிகிச்சை நிலையத்தில் மின்சாரம் இல்லாததால் சென்ரிபியூஜைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்ததைக் கண்டார்.

அவரும், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த சாட் பம்லாவும் மற்றவர்களும் சேர்ந்து காகிதத்தட்டும் நூலும் கொண்டு 'பேப்பர்பியூஜ்' என்பதைச் செய்து 2017இல் வெளியிட்டார்கள். எடை 2 கிராம், செலவு அமெரிக்கக் காசில் 20 சதம். கையால் இழுத்தே நிமிடத்துக்கு 125,000 சுற்று வரை போகிறது. ஒன்றரை நிமிடத்தில் இரத்தம் பிரிந்துவிடுகிறது. எங்கள் சோடா மூடிக்கு இந்த வல்லமை இருந்தது யாருக்குத் தெரியும்!

செய்முறையை ஒளிக்காமல் வெளியிட்டு, எவரும் செய்யலாம், திருத்தலாம் என்று விடுவதைத் திறந்த வடிவமைப்பு என்கிறார்கள். கொரோனாக் காலத்தில் எல்லோர் வாயிலும் அடிபட்ட பி.சி.ஆர். கருவிக்கும் 2011இல் 'ஓபன் பி.சி.ஆர்.' என்று அப்படியொரு மலிவுப் பதிப்பு அமெரிக்காவில் வந்தது. எமது லண்டனிலோ, யு.சி.எல். மாணவர்களாயிருந்த இருவர் சென்ரிபியூஜ், பி.சி.ஆர். இரண்டையும் ஒரே சிறு பெட்டிக்குள் அடக்கி 'பென்ரோ லாப்' என்று 2016இல் பொதுமக்களிடம் பணம் திரட்டினார்கள். இது விற்பனைப் பொருள். விலையும் ஆயிரம் பவுணுக்கு மேல். தனி வீட்டுக்கு அல்ல, பாடசாலைக்குப் பொருத்தம். அறக்குளா என்று கடையில் வாங்கியது அறக்குளாதானா என்று உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் இதைக்கொண்டு ஆராயத் தொடங்கலாம்.

ஆனால் குடும்பத்தவரின் நோயை இவற்றால் அறிய முயல வேண்டாம். பி.சி.ஆர். செய்வது டி.என்.ஏ.யைப் படியெடுப்பது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 30 சுற்றில் நூறு கோடியைத் தாண்டும். பரிசோதிப்பவரின் தோல்துகள் ஒன்று குழாய்க்குள் விழுந்தால் அதுவும் அப்படியே பெருகும். பிறகு வரும் முடிவு யாருடையது? ஆய்வுகூடங்களில் இதற்கென்றே தனி அறைகளும் ஒப்பீட்டு மாதிரிகளும் வைத்திருக்கிறார்கள். வீட்டில் இரத்தம் எடுப்பதால் தொற்றும் வரலாம். மரபணுவை மாற்றும் வேலை என்றால் இடத்தையே முன்கூட்டி அரசுக்கு அறிவிக்க வேண்டும். இது பிரித்தானியச் சட்டம்.

தலசீமியா எம்மவரிடமும் உண்டு. தாய் தந்தை இருவரும் ஒரே வகைத் தலசீமியாவின் காவிகளானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்கு நோய் வர. காவிகளுக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இராது. இங்கிலாந்தில் கர்ப்பிணிகளுக்கு இந்தப் பரிசோதனை என்.எச்.எஸ்.இல் இலவசம், பத்து வாரத்துக்குள் செய்வது நல்லது. திருமணத்துக்கு முன் அறிய விரும்பும் இளையோரும் குடும்ப வைத்தியரிடம் கேட்கலாம்.